மூலைக்கு மூலை

டெய்லரம்மா தன் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் முதலில் மூக்கைச் சுளிப்பாள், அப்புறம்தான் வாயைத் திறப்பாள். பெட்டி அடிக்கிறார் என்பாள். என்ன பெட்டி, நகைப் பெட்டியா, துணிப் பெட்டியா என்று எதிராளி விசாரித்துவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம். அதெல்லாம் செய்யத் தெரிந்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன், மோட்டாரையும் பம்பையும் உள்ளே வைத்து லாரியில் ஏற்றுவார்களே, போய்ச் சேர்ந்ததும் உடைத்துக் குப்பையில் போடுவார்களே, அந்தப் பெட்டி என்று விளக்கம் கொடுப்பாள். உடைக்கிறதற்காகவே ஒருத்தன் பொருள் செய்வானா, அப்படிப்பட்டவனுக்கு என் பெண்ணைக் கொடுத்தேனே என்கிற அங்கலாய்ப்பு அதற்குள் அடக்கம்.

அவளும் ஒன்றும் ராஜாவுக்கு அங்கி தைத்தவள் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை, தலையணை உறை, கிழிந்த ஜிப், இடுப்பு பிடித்துப்போன கால்சட்டை. இதுதான் அவள் கண்ட உலகம். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. அவள் தைத்ததில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி யாரும் பார்த்ததில்லை. அந்த ஒரு யோக்கியதையை வைத்துக்கொண்டு, உலகத்தில் டேப்பைக் கழுத்தில் போடாத அத்தனை பேரையும் அவள் இளக்காரமாகப் பார்த்தாள். மாப்பிள்ளை பென்சிலைக் காதில் சொருகிக்கொள்கிறவர். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

தையல் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதனால் மெஷினும் அவளுமாக மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வீடென்றால் என்ன வீடு, டயர் கடைக்கு மேலே ஒரே நீள அறை, ஓரமாய் ஓர் அடுப்படி. முன்னே அது டயர் அடுக்கி வைத்த கிடங்கு. ரப்பர் வாடை சுவரை விட்டுப் போகவில்லை. மச்சு தாழ்வு, உயரமானவர்கள் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் விரல் இடிக்கும். ஏறி வர, சுருண்டு சுருண்டு போகும் இரும்புப் படி. ஜன்னலோரம் மெஷின், அதன் காலடியில் அவள் படுக்கை. எதிர்க் கோடியில் மகளும் மாப்பிள்ளையும். நடுவில் கயிற்றில் தொங்கிய ஒரு போர்வை. மின்விசிறி போட்டால் போர்வை பறக்கும். போடாவிட்டால் புழுங்கிச் சாக வேண்டும்.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன் மேசையில் இருந்தாள். பகல் முழுக்க வந்தவர்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் குரல் எழும்பாது. புருஷனோடு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் இரண்டு பேருமாக இரும்புப் படியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மழை பிடித்துக்கொண்டதும் அதுவும் போச்சு. போர்வைக்குள் இவர்கள் கிசுகிசுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து டெய்லரம்மா ஒரு செருமல் செருமுவாள். வேண்டுமென்றே செருமுவதில்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

கடைசியில் மகளே சொல்லிவிட்டாள். பலகையில் ஒரு பெரிய அலமாரி செய்து நடுவில் நிறுத்தப் போகிறோம், மச்சைத் தொடுகிற உயரம், முதுகு எங்கள் பக்கம், கதவு உன் பக்கம், உன் துணிமணி, நூல்கண்டு எல்லாம் அதில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அதுவரை நல்லபடியாகத்தான் பேசினாள். பிறகு, "அது நின்னுட்டா நாம மூணு பேரும் இங்கயே இருக்கலாம்மா. நிக்கலைன்னா நீ அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். என்னால இப்படிக் காலம் தள்ள முடியாது," என்றாள்.

அண்ணன் வீடு என்ற பேச்சை எடுத்தாலே டெய்லரம்மா மெஷின் மேல் கையை வைத்துக்கொள்வாள். மகன் நல்லவன்தான். மருமகளுக்குத்தான் மெஷின் சத்தம் ஆகாது. முன்பு ஒரு தடவை அங்கே போய் இருந்தபோது மெஷினைப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். டெய்லரம்மா சோபாவில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டு, டிவியில் யாரோ யாரையோ திட்டுவதைப் பார்த்துக்கொண்டு, பைத்தியம் பிடிக்காத குறையாகத் திரும்பி வந்தாள். தைக்காமல் இருக்கிறதும் சாகிறதும் அவளுக்கு ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள் அந்த அலமாரி நிற்க வேண்டுமென்று நினைத்திருக்க வேண்டாமா? நினைக்கவில்லை. பெற்ற தாயை மறைக்க மரத்தில் சுவர் கட்டுகிறார்கள் என்று ஆத்திரம் வந்தது. அதையும் யார் கட்டுகிறார்? பெட்டிக்காரர் கட்டுகிறார். மகள் போகச் சொன்னதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வாயால் சொல்வாள், மனசு வராது என்று தள்ளிவிட்டாள்.

மாப்பிள்ளை தான் பெட்டி அடிக்கிற ஷெட்டிலிருந்து பலகைகளைத் தோளில் சுமந்து, அந்தச் சுருள் படியில் ஒவ்வொன்றாக ஏற்றினார். முழு அலமாரியாகச் செய்து கொண்டுவந்தால் படியில் ஏறாது, அதனால் அறைக்குள்ளேயே வைத்து அடிக்க வேண்டியதாயிற்று. வேலை முடிந்து வந்து முகம் கழுவினதும் உட்கார்ந்துவிடுவார். இழைப்புளி போட்டால் சுருள் சுருளாகத் தரையெல்லாம் பரவும். ஈரக் காற்றில் பலகை ஊதிக்கொண்டது; திரும்ப இழைத்தார். மகள் ரொட்டியைச் சுட்டு, முட்டையைப் பொரித்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுப்பாள். மரத்தூள் பறந்து தைக்கிற துணியில் படிகிறது, வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளாகிறது என்று டெய்லரம்மா முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவர் "இதோ முடிஞ்சிடும் அத்தை" என்பார். அந்த மனுஷனுக்குக் கோபமே வராது. அதுவும் அவளுக்கு ஒரு குறை.

அவருடைய ஷெட்டில் பெட்டி அடிக்கிற வழி ஒன்றுண்டு. பெட்டியை மல்லாக்கப் போட்டுத்தான் அடிப்பார்கள். சட்டம், பக்கம், முதுகு எல்லாம் படுத்த வாக்கிலேயே சேர்ந்துவிடும். கடைசியில் நாலு பேராக ஒரு தூக்குத் தூக்கி நிறுத்தினால் தீர்ந்தது. ஷெட்டின் கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. அங்கே வேலை செய்கிற யாரும் அதை அண்ணாந்து பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அந்தப் பழக்கத்தையே அவர் இந்தக் குச்சு அறைக்குள்ளும் கொண்டுவந்தார். தரைக்கும் மச்சுக்கும் நேராக அளந்தார். தொண்ணூற்றாறு அங்குலம் இருந்தது. ஓர் அங்குலம் விட்டுத் தொண்ணூற்றைந்து உயரம், இருபத்து நாலு ஆழம் என்று பென்சிலால் சுவரில் எழுதினார். எழுதிவிட்டு, எவ்வளவு கச்சிதம் பார்த்தாயா என்கிற மாதிரி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

டெய்லரம்மா பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே அந்த எண்களைப் பார்த்தாள். துணியைக் குறுக்கு வாட்டில் கிராஸ் பீஸாக வெட்டுகிறவளுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு சதுரத் துணியில், மூலைக்கு மூலை மடித்தால் முப்பத்தாறு வராது, ஐம்பத்தொன்று வரும். நீளச் சதுரம் என்றாலும் அதே கதைதான். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அதைவிடக் குறுக்கு நீளம்தான். பக்கத்தை நம்பிக் குறுக்கை மறந்தவள் கழுத்துப் பட்டிக்குத் துணி போதாமல் முழிப்பாள். படுத்துக்கிடக்கிற அலமாரி எழுந்து நிற்கும்போதும் அப்படித்தான். அதன் அடிப்பக்கத்துப் பின் மூலை தரையில் ஊன்றியிருக்கும். தலைப்பக்கத்து முன் மூலை மேலே சுற்றி வரும். முழுசாக நின்றுவிட்டால் தொண்ணூற்றைந்துதான். ஆனால் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் குறுக்கு நீளம் முழுவதும் மச்சுக்குக் கீழே நுழைந்து போயாக வேண்டும்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும் அவள் கதவைத் தாழிட்டாள். ஒரு பக்கப் பலகை அடித்து முடிந்து தரையில் கிடந்தது. கழுத்திலிருந்து டேப்பை உருவி, குந்தி உட்கார்ந்து, மூலைக்கு மூலை பிடித்தாள். அவள் டேப் நீளம் போதாது. நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு இரண்டு தடவையாக அளந்தாள். தொண்ணூற்றெட்டு. இன்னொரு தடவை அளந்தாள். அதே தொண்ணூற்றெட்டு. மச்சை அண்ணாந்து பார்த்தாள். சாக்கட்டிக் கோட்டை முந்தானையால் துடைத்தாள்.

அன்றைக்கு அவள் தைத்த தையல் போல அழகான தையலை அவள் தைத்ததே இல்லை. மனசு அவ்வளவு குளுகுளுவென்று இருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. அப்போது சொல்லியிருந்தால் மூன்று அங்குலம் குறைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருப்பார், நன்றி வேறு சொல்லியிருப்பார். அந்த நன்றி யாருக்கு வேண்டும்? அலமாரி முழுசாக முடியட்டும், ஷெட்டு ஆட்கள் வரட்டும், எல்லோரும் பார்க்கத் தூக்கட்டும், மச்சில் முட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கட்டும், அப்போது நான் எழுந்து சொல்கிறேன் என்று வைத்திருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டாள். தைத்துக்கொண்டே அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்லைக் குறைத்துக் கூர்மையாக்கினாள். அதைக் கேட்டதும் மகளுக்குக் கண் திறக்கும், அம்மா இல்லாமல் இந்த வீட்டில் ஒரு காரியம் உருப்படாது என்று புரியும், அப்புறம் சுவராவது ஒன்றாவது. அவள் போட்ட கணக்கு இதுதான்.

விடுமுறை நாளில் ஷெட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பருமனானவனை எல்லோரும் லாரி என்று கூப்பிட்டார்கள், ஒல்லியானவன் ஆணி. மழை விடாமல் அடித்தது. நனைந்த சட்டையைப் பிழிந்து ஜன்னலில் போட்டுவிட்டு, டீ குடித்து, முட்டையும் ரொட்டியும் தின்று, அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆறடி அகலத்தில், மெழுகு பூசி, மல்லாந்து கிடந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள டெய்லரம்மாவுக்கு வாய் வரவில்லை. மெஷினில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அத்தை கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், மேலே பட்டுவிடப் போகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். என்மேல் ஒன்றும் படாது என்றாள் அவள்.

தூக்கினார்கள். பாதி வரை சுலபமாக வந்தது. மகள் அடிப்பக்கம் வழுக்காமல் காலை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆணி எண்ணெய் போடாத கதவு மாதிரிக் கத்தினான். நிமிர்ந்தும் நிமிராமலும் இருக்கும்போது மேலே டங்கென்று இடித்தது. காரை உதிர்ந்து லாரியின் தலையில் கொட்டியது. என்ன இது, நேராத்தானே அளந்தேன் என்றார் மாப்பிள்ளை. காரை புடைத்திருக்கும், ஒரு தள்ளுத் தள்ளினால் போய்விடும் என்றான் லாரி. பெட்டி அடிக்கிறவர்களுக்கு எதற்கும் ஒரே வைத்தியம்தான், இன்னொரு தள்ளு.

டெய்லரம்மா மெஷினை நிறுத்தினாள். இப்போது சொல்லலாமா என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் விழிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தள்ளினார்கள். மேல் மூலை மச்சைக் கீறிக்கொண்டு சிக்கியது. கீழே அடிப்பக்கம் மெழுகு சிந்திய தரையில் வழுக்கியது. மகள் காலை இழுத்துக்கொண்டாள், நல்லவேளை. அலமாரி பின்னால் சரிந்தது. லாரி பாரத்தைத் தாங்கிப் பிடித்தான். மாப்பிள்ளையின் வலது கை மட்டும் முதுகுப் பலகைக்கும் அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஓசை எழுப்பினார். கையை வெளியே எடுத்தபோது இரண்டு விரல் நகம் பிய்ந்து, ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. மகள் தண்ணீருக்கு ஓடினாள். ஆணி துணி துணி என்று பறந்தான்.

டெய்லரம்மா எழுந்து நின்றாள். இத்தனை நாள் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த வாக்கியம் தானாக வெளியே வந்தது.

"மூலைக்கு மூலை தொண்ணூத்தெட்டு. மச்சு தொண்ணூத்தாறு. எந்தப் பெட்டிக்காரன் வந்தாலும் இது நிக்காது."

லாரி அவளையும் மச்சையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் எதிர்பார்த்த திருதிரு விழிப்பு அதுதான், ஆனால் விழித்தது தப்பான ஆள். மகள் ஈரத் துணியைப் புருஷன் கையில் சுற்றிக்கொண்டே தலையைத் தூக்கினாள். டேப் அம்மாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அம்மா அதைத் தொடவேயில்லை.

"எப்பம்மா அளந்தே?" என்றாள்.

கேள்வி இந்தத் திசையிலிருந்து வரும் என்று டெய்லரம்மா நினைத்துப் பார்க்கவில்லை.

தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அத்தை எங்க அளந்தாங்க? தையக்காரங்க, கண்ணு பழகியிருக்கும். இப்பத்தான் பார்த்திருப்பாங்க, பார்த்ததும் சொல்லிட்டாங்க. எனக்குத்தான் புத்தியில்லை, விடு."

கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், மகள் நம்பியிருப்பாள், நம்ப வேண்டுமென்று அவள் முகமே கெஞ்சியது. டெய்லரம்மாவுக்கும் அது தெரிந்தது. ஆனால் கொடுப்பது யார்? பெட்டி அடிக்கிறவர், ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு, அவளுக்குப் பிச்சை போடுகிறார். போதாததற்கு அவள் கண்ணால் அளக்கிறாளாம். இவர் மாதிரி.

"கண்ணால அளக்குறது உங்க ஷெட்டு வழக்கம், மாப்பிள்ளை," என்றாள். "நான் டேப் வெச்சு அளந்தேன். பக்கப் பலகை அடிச்சு முடிச்சீங்களே, அன்னைக்கே. ரெண்டு தடவை."

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே உறைத்தது. மகள் கட்டுப்போடுவதை நிறுத்தவில்லை. முடிச்சுப் போட்டாள், முனையை உள்ளே செருகினாள்.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"என்கிட்ட யாராவது கேட்டீங்களா? எனக்குச் சுவர் கட்டுறீங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மகள் எழுந்து போய்ப் புருஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் டெய்லரம்மாவுக்குத் தெம்பாக இருந்திருக்கும். வாய்ச் சண்டையில் அவளை ஜெயிக்க ஆளில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆணி சொன்னதை மாப்பிள்ளை கேட்கவில்லை. இதை இப்படிப் போட்டுவிட்டுப் போனால் ராத்திரி படுக்க இடம் கிடையாது என்றார். கொஞ்ச நேரம் அலமாரியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் பீடம் மாதிரி மூன்று அங்குலம் இருக்கிறது, அதை அறுத்துத் தனியாக எடுத்துவிடுவோம், மேல் பெட்டியை மட்டும் நிறுத்துவோம், நின்ற பிறகு நெம்பித் தூக்கிப் பீடத்தை அடியில் தள்ளிவிட்டால் பழைய உயரம் வந்துவிடும் என்றார். டெய்லரம்மாவுக்கு இது தோன்றியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இடிக்கும் என்பது மட்டும்தான்.

லாரி அறுத்தான். ஈர மரம் ரம்பத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. மாப்பிள்ளை இடது கையால் கோடு காட்டிக்கொண்டிருந்தார். அறுத்து முடிந்ததும் அவர் வழக்கம்போல ஒன்றும் நடக்காத மாதிரி, "அத்தை, இப்ப உயரம் தொண்ணூத்திரெண்டு. மூலைக்கு மூலை எவ்வளவு வரும்?" என்று கேட்டார்.

டெய்லரம்மாவின் கை டேப்பை நோக்கிப் போனது.

"அவங்களைக் கேக்காதீங்க," என்றாள் மகள். ஆணியின் இடுப்பிலிருந்த இரும்பு டேப்பை வாங்கி, ஒரு முனையை அவனைப் பிடிக்கச் சொல்லி, தானே மூலைக்கு மூலை இழுத்தாள். பழக்கமில்லாத கை, டேப் ஒரு தடவை சுருட்டிக்கொண்டு விரலில் அடித்தது. திரும்ப இழுத்தாள். தொண்ணூற்றைந்துக்கு ஒரு நூல் அதிகம் என்றாள்.

இந்தத் தடவை இடிக்கவில்லை. மச்சுக்கும் மூலைக்கும் நடுவில் முக்கால் அங்குலத்துக்கு மேல் வெளிச்சம் தெரிந்தது. லாரி நெம்பித் தூக்க, ஆணி பீடத்தைக் காலால் உதைத்து உதைத்து அடியில் செருகினான். கயிற்றையும் போர்வையையும் மகள் அவிழ்த்து மடித்தாள். அலமாரி நடு அறையில் சுவராக நின்றது. கதவுகள் டெய்லரம்மாவின் பக்கம், சொன்ன சொல் மாறாமல். ஓரத்தில் ஓர் ஆள் போய்வர வழி.

ஷெட்டு ஆட்கள் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகள் மரத்தூளைப் பெருக்கினாள், ரத்தம் பட்ட இடத்தைத் துடைத்தாள். டெய்லரம்மா ஒரு கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள். கீலில் ஓசையே இல்லை. நூல்கண்டு வைக்க வரிசையாகக் குச்சி அடித்திருந்தார், நிறம் நிறமாக மாட்டிக்கொள்ளலாம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. கதவை மறுபடி திறந்து ஒரு வெள்ளைக் கண்டை மாட்டினாள். அந்தப் பக்கம் மகள் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

டெய்லரம்மா அலமாரி ஓரத்து வழியில் வந்து நின்றாள். "எதுக்கு அவனை இழுக்கறே? நிக்கலைன்னாதானே போகச் சொன்னே? நின்னுடுச்சே."

"நின்னுடுச்சும்மா," என்றாள் மகள், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "ஆனா அந்தப் பக்கம் நீ இருக்கேன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது."

"போறேன். அங்க சுவராவது செங்கல்லுல இருக்கும்."

இதற்கு மகள் திருப்பிச் சொல்வாள் என்று காத்திருந்தாள். மகள் சரிம்மா என்றாள். டெய்லரம்மா தன் பக்கம் வந்து மெஷின் முன் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. தெரியாமல் பண்ணிவிட்டேன் என்று ஒரு தடவை சொன்னால் என்ன, பெற்ற பெண்தானே என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். "அலமாரிக் கீழ்த்தட்டு ஒரு நூல் சாஞ்சிருக்கு," என்று வந்தது. வேறு எதையும் சொல்லி அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

பலகைச் சுவர் ஆளை மறைத்ததே தவிரப் பேச்சை மறைக்கவில்லை. அண்ணன் அப்போதுதான் போனை எடுத்தான். மகள் சத்தமாக, ரத்தம் எடுக்க வந்தவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில் பேசினாள்.

"அண்ணா, நாளைக்கு வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போ. சண்டையெல்லாம் இல்லை. ... ஆமா, இனிமே அங்கயேதான். ... சரி, அண்ணிகிட்ட சொல்லு, மெஷின் இங்கயே இருக்கட்டும். அம்மா மட்டும்தான் வர்றாங்க."